ஆறே சாலையாக இருந்த நாடு

பூமத்திய ரேகை ஊடே செல்லும் காபோன் நாட்டின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையிலுள்ள இந்நாட்டில் 85 சதவீதத்துக்கும் மேல் காடுதான். நெடுங்காலம் உள்நாட்டுக்குப் போகும் பெருவழி ஒகோவே ஆறு.

1895-ல் மேரி கிங்ஸ்லி என்ற ஆங்கிலப் பெண்மணி அந்த ஆற்றில் போனார். படையுடன் போகவில்லை, துணியும் புகையிலையும் கொண்டு வியாபாரியாகப் போனார். வியாபாரி என்றால் வந்த காரணம் ஊராருக்குப் புரியும் அல்லவா? நரமாமிசம் தின்பவர்கள் என்று பிறர் பயமுறுத்திய ஃபாங் மக்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டே காட்டைக் கடந்தார். வழியில் விலங்குகளுக்காக வெட்டிய குழியில் விழுந்தார். அடியில் கூரான கழிகள்! தடித்த பாவாடை உடம்பைக் காத்தது. கூட வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள்.

1913-ல் டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் மனைவியுடன் அதே ஆற்றின் வழியே லம்பரேனே சேர்ந்தார். ஒரு பழைய கோழிக் கொட்டகைதான் அவருடைய முதல் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் மொழி தெரியாத அவருக்கு வாயாக இருந்தவர், முன்பு சமையல்காரராக இருந்த உள்ளூர்க்காரர் ஜோசப்.

1986-ல் தலைநகர் லிப்ரவில் அருகிலிருந்து ஃபிரான்ஸ்வில் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், ரயில் பாதை முடிந்தது. ஒற்றைப் பாதை. மாங்கனீசு ஏற்றிவரும் சரக்கு வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் பேச்சுத்துணை சக பயணிகள்தான்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, மொழி தெரியாத நாளில் பக்கத்து வீட்டாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் நாம். நமக்கு இக்கதைகள் அந்நியமாகத் தோன்றாது.