சர்ச்ல வரலைன்னா, இல்லைன்னு அர்த்தமா?

இன்னைக்கு எபிசோட்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கு. நான் எம்ஃபில் பண்ணும்போது ஒரு அத்தியாயம் முழுக்கத் தப்பா எழுதினேன். அதுல ஒரு பொய்கூடக் கிடையாது. எல்லாத்துக்கும் ஆதாரம் இருந்தது. ஆனாலும் தப்பு. அது எப்படின்னு புரிஞ்சா, பழைய பத்திரிகைகளோட டிஜிட்டல் ஆவணக் காப்பகம் எப்படி வேலை செய்யுதுன்னும் உங்களுக்குப் புரிஞ்சிடும்.

என் தலைப்பு, 1930-களில் கோவை, மதுரைப் பக்கம் நடந்த மில் தொழிலாளர் வேலைநிறுத்தங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பது. ஆன்லைன்ல ஒரு காப்பகம். பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தாங்க, தேடுற வசதியும் இருந்தது. நான் 'வேலை நிறுத்தம்'னு டைப் பண்ணித் தேடினேன். வந்த முடிவுகள்ல முக்கால்வாசி ஒரே பத்திரிகை, பெரியாரோட 'குடி அரசு'. மத்த இதழ்கள்ல இருந்து ஒண்ணு ரெண்டுதான். "மற்ற பத்திரிகைகள் தொழிலாளர் போராட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை" அப்படின்னு கம்பீரமா எழுதி, கைடுகிட்ட கொடுத்துட்டேன்.

மேடம் படிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "எத்தனை இதழைப் பக்கம் பக்கமாப் புரட்டினேம்மா?"

ஒண்ணுகூட இல்லை.

எங்க தப்பு நடந்ததுன்னு பார்ப்போம். ஸ்கேன் பண்ணின பக்கம் அடிப்படையில ஒரு ஃபோட்டோ. அதுல இருக்கிறது எழுத்துன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓ.சி.ஆர். என்ற மென்பொருள்தான் அந்தப் படத்தைப் பார்த்து எழுத்தா மாத்திக் கொடுக்குது. நாம தேடுறது அப்படி மாத்தின எழுத்துக்குள்ளதான், பக்கத்துக்குள்ள இல்லை. மாத்தும்போது ஒரு எழுத்து பிசகினா, அந்தச் சொல் தேடலுக்கு அகப்படாது.

தமிழ்ல இதுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. உங்க வீட்டுல பழைய புத்தகம் இருந்தா எடுத்துப் பாருங்க. 'லை', 'னை', 'ளை', 'ணை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழியோட இருக்கும். 'ணா', 'றா', 'னா'வும் வேற வடிவம். இப்படி மொத்தம் 13 எழுத்துகள். இன்னைக்கு நாம எழுதுற வடிவத்தைத் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்டது 1978-ல. புது எழுத்தைப் பார்த்துப் பழகின மென்பொருள், பழைய 'லை'யைப் பார்த்தா வேற ஏதோ எழுத்தா எடுத்துக்கும். நான் தேடின சொல்லே 'வேலை'. அதுக்குள்ளயே ஒரு 'லை' உட்கார்ந்திருக்கு!

அப்போ 'குடி அரசு' மட்டும் ஏன் கிடைச்சது? பெரியார் 1935-லயே தன் பத்திரிகையில சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்த ஆரம்பிச்சிட்டார். 1978-ல அரசு ஏத்துக்கிட்டதும் பெரும்பாலும் அதே எழுத்துகளைத்தான். அதனால மென்பொருளுக்கு அந்தப் பத்திரிகை சுலபமாப் படிக்க வந்தது, மத்தது வரலை. நான் கண்டுபிடிச்சதா நினைச்சது பத்திரிகைகளோட அரசியல் வேறுபாடு. உண்மையில நான் கண்டுபிடிச்சது அச்செழுத்தோட வேறுபாடு. யாரும் கேட்காம விட்டிருந்தா, அது பல்கலைக்கழக முத்திரையோட வரலாறா நின்னிருக்கும். நாளைக்கு இன்னொருத்தர் அதை மேற்கோள் காட்டியிருப்பார்.

அப்புறம் உட்கார்ந்து புரட்டினேன். ஒரு மாசம் ஆச்சு. செய்தி இருந்தது. சில இடத்துல 'ஸ்டிரைக்'னு இங்கிலீஷ் சொல்லையே தமிழ்ல எழுதியிருந்தாங்க. சில இடத்துல தலைப்பே இல்லாத ஆசிரியர் குறிப்புக்குள்ள ரெண்டு வரி. ஒரு இதழ்ல வெறும் கார்ட்டூன். அதை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீங்க? அத்தியாயத்தைக் கிழிச்சுப்போட்டு மறுபடி எழுதினேன்.

இதைச் சொல்றதால டிஜிட்டல் காப்பகமே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. கோட்டையூர்ல ரோஜா முத்தையா தனி மனுஷனா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994-ல சென்னையில ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. 1981-ல யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டப்போ சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிஞ்சது. ஒரே இடத்துல ஒரே பிரதி இருந்தா என்ன ஆகும்னு அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2005-ல ஆரம்பிச்ச நூலகம் தளத்துல இன்னைக்கு இலங்கைத் தமிழ் இதழ்களை வீட்டுல இருந்தே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகமும் இருக்கு. முன்னெல்லாம் இதுக்கு ஊர் ஊராப் போய், அனுமதிக் கடிதத்தோட காத்திருக்கணும்.

புத்தகம் இருக்கும்போது பழைய இதழ் எதுக்குன்னு கேட்கலாம். புதுமைப்பித்தன் கதைகளோட ஒரு பதிப்பை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-ல கொண்டுவந்தார். எந்தக் கதை எந்த இதழ்ல எப்போ வந்தது, இதழ்ல இருந்ததுக்கும் புத்தகத்துல இருந்ததுக்கும் என்ன பாட வேறுபாடுன்னு அதுல பார்க்கலாம். இதழ்கள் கைக்குக் கிடைச்சாதான் அப்படி ஒரு வேலையே செய்ய முடியும்.

சரி, மாணவர்களுக்கும் பாடம் எடுக்கிறவங்களுக்கும் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது நாலு விஷயம்.

முதல்ல, ஒரு சொல்லோட நிக்காதீங்க. அந்தக் காலத்துல அதை என்னென்ன பேர்ல சொன்னாங்கன்னு ஒரு பட்டியல் போடுங்க. வடமொழிச் சொல், இங்கிலீஷ் சொல், சேர்த்து எழுதினது, பிரிச்சு எழுதினது எல்லாத்தையும் தேடுங்க.

ரெண்டாவது, தேதி. பல பழைய இதழ்கள்ல தமிழ் வருஷப் பேர்தான் இருக்கும். 'யுவ' வருஷம்னா 1935 ஏப்ரல்ல இருந்து 1936 ஏப்ரல் வரை. ஆனா 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும். 1995-லயும் 'யுவ' வந்தது. பட்டியல்ல போட்டிருக்கிற வருஷத்தை இதழோட உள்ளடக்கத்தை வெச்சு ஒரு தடவை சரிபாருங்க.

மூணாவது, என்ன இல்லைன்னு பாருங்க. நூலகங்கள்ல பைண்டு பண்ணும்போது அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கிழிச்சுடுறது உண்டு. ஸ்கேன்லயும் அது இருக்காது. பக்க எண் தொடர்ச்சியா வருதா, எந்த மாச இதழ் விடுபட்டிருக்குன்னு குறிச்சு வெச்சு, கட்டுரையிலயும் எழுதுங்க.

நாலாவது, வகுப்புல ஒரு கதையோட பிடிஎஃப் மட்டும் கொடுக்காம ஒரு முழு இதழைக் கொடுங்க. விலை எவ்வளவு, சந்தா எவ்வளவு, யாருக்கான விளம்பரம், வாசகர் யாருன்னு கேளுங்க. ஒரு சோப்பு விளம்பரத்துக்கும் ஒரு பெண் கல்விக் கட்டுரைக்கும் நடுவுல அந்தக் கதையைப் பார்க்கும்போது பசங்க கேட்கிற கேள்வியே மாறிடும்.

என் தீஸிஸ்ல இப்போ ஒரு பக்கம் இருக்கு. நான் எந்தெந்த இதழைப் பக்கம் பக்கமாப் புரட்டினேன், எதுல சொல்லைப் போட்டு மட்டும் தேடினேன்னு பட்டியல். வைவால முதல் கேள்வியே அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்தது. பதில் சொல்ல முடிஞ்சது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க தாத்தா பாட்டி பிறந்த வருஷத்துல வந்த ஒரு இதழைத் தேடி எடுங்க. தேடல் கட்டத்துல எதுவும் டைப் பண்ணாம, முதல் பக்கத்துல இருந்து கடைசி வரை புரட்டுங்க. என்ன பார்த்தீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.