இரண்டாம் ஊசி எதற்கு?

"ஒன்பதாம் மாதமே தட்டம்மை ஊசி போட்டாயிற்று. ஒன்றரை வயதில் மறுபடியும் எதற்கு?" என்று நம் சங்கக் குடும்பத்தினர் சிலர் என்னிடம் வினவுகின்றனர். மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் கற்றதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மணல்வாரி என்றும் சொல்லப்படும் தட்டம்மை, காற்றின் வழியே பரவுவது. தடுப்பாற்றல் இல்லாதவரிடையே, நோயுற்ற ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றவல்லது. நிமோனியாவாக முற்றி உயிரைக் குடிப்பதும் உண்டு.

குழந்தை பிறக்கும்போதே தாயின் குருதியிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்று வருகிறது. முதற்சில மாதங்கள் காவல் நிற்பவை அவையே. ஆனால் அதே காவல், ஊசியிலுள்ள வலுவிழந்த கிருமியையும் வேலை செய்ய விடாது. மாதம் ஏற ஏற அது குறைகிறது. ஆகவே, மிக முந்திப் போட்டால் ஊசி வீண். மிகப் பிந்தினால் நோய் முந்திக்கொள்ளும். அமெரிக்காவில் 12 மாதம் நிறையும்வரை பொறுப்பர். கைக்குழந்தைகளையும் நோய் தாக்கும் நம் நாட்டில் அவ்வளவு காலம் பொறுப்பதற்கில்லை.

இதில் ஒரு நட்டமும் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் 100 குழந்தைகளுக்குப் போட்டால், ஏறத்தாழ 85 பேருக்கே பலிக்கிறது. எஞ்சிய 15 பேர் யாரென்று பார்த்த அளவில் தெரியாது. அதனால் 16 முதல் 24 மாதத்திற்குள் எல்லோருக்கும் மீண்டும் போடுகின்றனர். இரண்டாம் ஊசி, தேய்ந்த பலத்தைப் புதுப்பிப்பதற்காக அன்று; முதலூசி பலிக்காதவருக்குக் கிடைக்கும் மறுவாய்ப்பு. 2010-ஆம் ஆண்டு முதல் இது நம் நாட்டுத் திட்டத்தில் சேர்ந்தது.

இதை விட்டுவிட்டால், காப்பற்ற குழந்தைகள் ஆண்டுதோறும் பெருகுவர். 100-க்கு 95 பேராவது இரண்டும் போட்டுக்கொண்டால்தான் பரவல் அடங்கும். 2022-ஆம் ஆண்டு இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டனர். ஊசிக்குரிய வயதை எட்டாத சிசுக்களையும் அது விடவில்லை. அவர்களுக்குச் சுற்றியுள்ளோரின் தடுப்பாற்றலன்றி வேறு அரண் ஏது?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக்கவனம் வேண்டும். தாய்வீட்டில் முதலூசி போட்ட பிள்ளை இங்கு வந்ததும் இரண்டாவது மறந்துபோகிறது. எந்த மாநிலத்து அரசுச் சுகாதார நிலையத்திலும் அதை இலவசமாகப் போடுகின்றனர். காலம் தவறியிருந்தாலும் ஐந்து வயது வரை போடலாம். அன்பர்கள் தத்தம் வீட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.