குழந்தையைக் காக்கும் மருந்து அப்பாவுக்கு உதவாதா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: “குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்தும் மருந்தை எங்கள் அப்பாவுக்கும் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?” நியாயமான கேள்விதான். ஆராய்ச்சியாளர்களும் பல ஆண்டுகளாக இதே கேள்வியைத்தான் கேட்டு வருகிறார்கள்.

அம்மருந்தின் பெயர் சர்ஃபாக்டன்ட். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்திருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அறைகளை உள்நோக்கி இழுத்துச் சுருக்க முயலும். கொழுப்பும் சிறிதளவு புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட் அவ்விசையைத் தளர்த்தி, மூச்சை வெளிவிடும்போது அறைகள் மூடிக்கொள்ளாதபடி காக்கிறது. கருவிலுள்ள குழந்தைக்கு இது போதிய அளவில் சுரக்க ஏறக்குறைய 35 வாரங்கள் ஆகும்.

குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு இப்பொருளின் குறைவே காரணம் என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஆயினும் மருந்து உடனே வந்துவிடவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் குறைமாதத்தில் பிறந்து, 39 மணி நேரமே வாழ்ந்தான். அதிபரின் பிள்ளைக்கும் அன்று கொடுக்க மருந்தில்லை. 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குச் செலுத்தி நல்ல பலன் கண்டார். இன்றும் பெரும்பாலான மருந்துகள் மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்தே கிடைக்கின்றன. இதனால் மனத்தில் தயக்கம் எழுந்தால் மருத்துவரிடம் கூறத் தயங்காதீர்கள்.

இனி அப்பாவின் கதைக்கு வருவோம். நிமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று முதலியவற்றால் பெரியவர்களுக்கு ஏற்படும் கடும் நுரையீரல் பாதிப்பை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். குழந்தையின் நுரையீரலில் ஒரு பொருள் மட்டுமே குறைவு. அதைக் கொடுத்தால் போதும். பெரியவரின் நுரையீரலிலோ நுண்ணறைச் சுவரே புண்பட்டிருக்கிறது. இரத்தத்திலுள்ள புரதங்கள் உள்ளே கசிந்து சர்ஃபாக்டன்டைச் செயலிழக்கச் செய்கின்றன. அதைச் சுரக்கும் உயிரணுக்களும் சேதமடைகின்றன. கூரை ஒழுகும் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினால் எத்தனை நாள் நிற்கும்?

1996-இல் வெளியான ஆய்வில் 725 நோயாளிகள் பங்கேற்றனர். பனிப்புகையாகச் செலுத்திய மருந்து உயிரிழப்பைக் குறைக்கவில்லை. 2004-இல் வெளியான ஆய்வுகளில் வேறுவகை மருந்து முதல் நாளில் ஆக்சிஜன் அளவை உயர்த்தியது. ஆனால் உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை கூடவில்லை. திரையில் தெரியும் எண் ஏறினால் நாம் நிம்மதி அடைகிறோம். அந்த எண்ணும் உயிரும் ஒன்றல்ல என்பதே இவ்வாய்வுகள் சொல்லும் கசப்பான செய்தி.

அதற்காக வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவையும் குறைத்ததால், நூற்றுக்கு 40 ஆக இருந்த உயிரிழப்பு 31 ஆகக் குறைந்தது என்று 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடும் பாதிப்புள்ளவர்களை நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது உயிரிழப்பு பாதியானதை 2013-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு நிறுவியது. உங்கள் உறவினரை அந்நிலையில், முகம் வீங்கிக் காண்பது வேதனை தரும். அது அலட்சியம் அன்று; சிகிச்சை.

புரதக் கசிவைத் தாங்கக்கூடிய செயற்கை சர்ஃபாக்டன்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி தொடர்கிறது. அத்தகைய ஆய்வில் சேர உங்கள் ஒப்புதலைக் கேட்டால், மருந்து எதற்கு, கெடுதல் என்ன, யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதை எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்று விளக்கம் கேளுங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையாது.