விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேட வைப்பது எது?

இரவு சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுக்களையில் நின்று இரண்டு பேர் கிசுகிசுவென்று ஏதோ திட்டம் போடுகிறார்கள். காதில் விழவில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டுகிறோம். திட்டம் என்ன என்று தெரிவதற்குள் இடைவேளை. சலவைத்தூள் விளம்பரம் ஒன்று வீட்டையே தூக்குகிறது. தூளியில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுகிறது, ரிமோட் எங்கே போனது என்று ஆளாளுக்குச் சோபாவைத் துழாவுகிறோம்.

"விளம்பரத்துக்கு மட்டும் வேண்டுமென்றே சத்தத்தை ஏற்றுகிறார்கள்" என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் புகார். "நாங்கள் எதையும் ஏற்றுவதில்லை, எல்லாம் ஒரே அளவில்தான் போகிறது" என்பது ஒளிபரப்புத் துறையின் வழக்கமான பதில். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதுதான் இந்த விவகாரத்தின் வேடிக்கை.

ஒலிப்பதிவில் உச்சம் என்று ஒன்று உண்டு, சராசரி என்று ஒன்று உண்டு. டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை இருக்கிறது. சுழியம் டெசிபல் என்று அதற்குப் பெயர். அதற்கு மேல் ஒரு இம்மியும் போக முடியாது, போனால் ஒலி உடைந்து கரகரக்கும். சீரியலும் அந்தக் கூரைக்குள்தான், விளம்பரமும் அந்தக் கூரைக்குள்தான். ஆனால் சீரியலில் கதவு அறைபடும் ஒரு நொடி மட்டும் கூரையைத் தொட்டுவிட்டு வரும். மற்ற நேரமெல்லாம் பேச்சு கீழே ஓடும். விளம்பரம் முப்பது நொடியும் கூரையை உரசிக்கொண்டே ஓடும். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை 98, மற்றவர்கள் 40, 45. பக்கத்து வகுப்பில் அத்தனை பேரும் 95க்கு மேல். இரண்டு வகுப்பிலும் முதல் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எது நன்றாகப் படிக்கும் வகுப்பு என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. நம் காது பார்ப்பது முதல் மதிப்பெண்ணை அல்ல, வகுப்புச் சராசரியை.

இந்தச் சராசரியை ஏற்றித் தரும் கருவிகளுக்குக் கம்ப்ரஸர், லிமிட்டர் என்று பெயர். உயரமான ஒலிகளை அழுத்திக் குட்டையாக்கிவிட்டு, பிறகு மொத்தத்தையும் தூக்கிக் கூரை வரை நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். இன்று இவை கணினியில் ஓடும் சிறு மென்பொருள்கள். ஒலிப்பதிவு படிக்கிற மாணவர் முதல் மாதமே கற்றுக்கொள்கிற சமாச்சாரம்.

இந்த வித்தை விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. இதற்கு இசைத்தட்டுக் காலத்திலேயே தொடக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜூக் பாக்ஸ் பெட்டிகளில் அடுத்தடுத்து விழும் இசைத்தட்டுகளில் எது உரக்கக் கேட்கிறதோ அதுவே மனதில் நிற்கும் என்று கம்பெனிகள் நம்பின. வானொலியில் அந்த நம்பிக்கை இன்னும் இறுகியது. எஃப்எம் நிலையம் ஒன்று தன் அலைவரிசையிலிருந்து இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது என்பது தொழில்நுட்ப எல்லை. எல்லையைத் தாண்ட முடியாது, ஆனால் எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பலாம். டயலைத் திருப்பும் நேயர் உரத்த நிலையத்தில் நின்றுவிடுவார் என்ற எண்ணத்தில், ஆப்டிமோட் போன்ற ஒலி அழுத்தும் பெட்டிகள் 1970களிலிருந்தே நிலையங்களுக்குள் நுழைந்தன. பாட்டு, பேச்சு, ஜிங்கிள் எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

வானொலிக்காரர்களுக்கு ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய அலையில் ஒலி அடர்த்தியாக இருந்தால்தான் இரைச்சலை மீறித் தொலைவில் கேட்கும். இலங்கை வானொலியைத் தென் மாவட்டங்களில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த இரைச்சலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றும் டவுன் பஸ்ஸில் எஞ்சின் உறுமலுக்கும் ஹாரனுக்கும் நடுவே ஒரு மெல்லிய வீணை ஒலித்தால் அது ஒலிக்காததற்குச் சமம். ஓடும் வண்டியில் கேட்பவருக்கு அழுத்திய ஒலி உபகாரம். நடுநிசியில் ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அதுவே உபத்திரவம்.

இசைக்குத்தான் பெரிய சேதம். 1982இல் கடைக்கு வந்த சிடிக்கு 96 டெசிபல் அளவுக்கு ஏற்ற இறக்கம் தாங்கும் சக்தி இருந்தது. கேசட்டின் இரைச்சலில் தொலைந்துபோன மெல்லிய ஒலிகள் எல்லாம் இனிமேல் கேட்கும் என்றார்கள். நடந்தது நேர்மாறு. 1990களிலிருந்து ஆல்பத்துக்கு ஆல்பம் சராசரி ஏறிக்கொண்டே போய், கிடைத்த இடத்தில் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. 2008இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது விவகாரம் சந்திக்கு வந்தது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமில் சிடியைவிடத் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். கேமுக்குப் போன வடிவத்தை அந்த அளவுக்கு அழுத்தவில்லை. மறுபடி மிக்ஸ் செய்து தரச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனு போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டைவிட விளையாட்டில் வந்த பாட்டு மேல் என்றால் கோபம் வராதா?

நம் பாடல்களிலும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 1980களின் இளையராஜா பாடல் ஒன்றைப் பழைய சிடியிலிருந்து போடுங்கள். பல்லவியில் வயலின்கள் எழும் இடம் உயர்ந்து, சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் தனியே வரும் இடம் சுருங்கி, படம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்து ஒரு புதிய குத்துப்பாட்டைப் போடுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை மேலும் கீழும் நறுக்கிய ஒரே பட்டை. குத்துப்பாட்டு அப்படி இருப்பதில் எனக்குப் புகார் இல்லை, அதன் வேலையே அது. பழைய பாடல்களை 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் அதே பட்டையாக நறுக்கி மறுபடி வெளியிடுவதுதான் பொறுக்கவில்லை. தபலாவின் முதல் தட்டு நெஞ்சில் விழுந்த பாட்டில், இப்போது தபலா எங்கோ கம்பளிக்கு அடியில் வாசிக்கிறது.

இதில் பெரிய நகைச்சுவை, இத்தனை நசுக்கலும் இன்று வீண் என்பது. கணினியில் யூடியூப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தட்டினால் சிறு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் வால்யூம் என்ற வரியில் பாட்டின் சத்தம் யூடியூபின் அளவைவிட எத்தனை டெசிபல் கூடுதல், அதற்காக எத்தனை சதவீதமாகக் குறைத்து ஒலிக்கவிடுகிறது என்ற இரண்டும் இருக்கும். 6 டெசிபல் கூடுதலாக நசுக்கி ஏற்றிய பாட்டை யூடியூப் ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு இறக்கிவிடும். ஸ்பாட்டிஃபையும் இதையே செய்கிறது. உரக்கக் கத்தியவருக்குக் கிடைத்த லாபம் எதுவும் இல்லை, பாட்டு நசுங்கியதுதான் மிச்சம்.

இப்படி இறக்குவதற்கு முதலில் காது உணரும் சத்தத்தை அளக்க ஒரு கோல் வேண்டும். 2006இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் அந்தக் கோலை வகுத்தது. ஒலியின் உச்சத்தைப் பார்க்காமல், காதுக்கு உறைக்கும் அதிர்வெண்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, நேரத்தோடு சேர்த்துச் சராசரி பார்க்கும் முறை அது. ஸ்டுடியோக்களில் அந்த அலகை 'லஃப்ஸ்' என்பார்கள். கோல் கிடைத்ததும் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் மைனஸ் 23 என்ற அளவை வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மைனஸ் 24. அங்கே அன்னா எஷூ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 2010இல் நிறைவேறி, 2012 டிசம்பரிலிருந்து டிவி விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்க ஒலிப்பதற்குத் தடை வந்தது. அந்தச் சட்டம் ஓடிடிக்குப் பொருந்தாது என்பதால், கலிஃபோர்னியா மாநிலம் 2025இல் ஓடிடி விளம்பரங்களுக்கும் தனிச் சட்டம் போட்டது.

கோல் ஒன்றானாலும் வைத்துக்கொண்ட அளவு ஒன்றாக இல்லை என்பது நம் வீட்டு டிவியில் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களில் வசனத்தை மைனஸ் 27இல் வைக்கச் சொல்கிறது. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14. படம் பார்த்து முடித்து அதே டிவியில் பாட்டுக்குத் தாவினால் 13 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும். செயலி மாறும்போதெல்லாம் திடுக்கிடுவதற்கு இதுதான் காரணம், டிவியில் பழுது எதுவும் இல்லை.

வசனம் கேட்காமல் போவது வேறு கதை. தியேட்டருக்காக ஆறு தடங்களில் கலந்த ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. வீட்டு டிவியில் நடு ஸ்பீக்கரே கிடையாது. இருக்கும் இரண்டும் தகடாய் மெலிந்த டிவியின் பின்பக்கமோ அடிப்பக்கமோ பார்த்தபடி சுவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். ஆடியோ மெனுவில் 5.1 என்பதை விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் குறை தீரும். டிவி செட்டிங்ஸில் நைட் மோட், ஆட்டோ வால்யூம், கிளியர் வாய்ஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும் வசதி மீதிக்கு உதவும். இதைக் கண்டுபிடிக்க ஏன் ஐந்து மெனு உள்ளே போக வேண்டும் என்று கேட்டால், ரிமோட்டில் ஓடிடி கம்பெனிகளுக்கு நான்கு பொத்தான் ஒதுக்கியவர்களுக்கு இதற்கு ஒன்று ஒதுக்க மனம் வரவில்லை என்பதுதான் பதில்.

தியேட்டரில் நிலைமை இன்னும் மோசம். 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது படத்தைப் பற்றிய பேச்சைவிட அதன் சத்தத்தைப் பற்றிய பேச்சு ஓங்கியது. ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி, பழியை ஒலிப்பதிவாளர் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்ற பொருளில் பொதுவெளியில் எழுதினார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தியேட்டரின் ஒலிப்பெட்டியில் 7 என்பது நிர்ணயித்த அளவு. மிக்ஸிங் அரங்கமும் அதே 7இல்தான் வேலை செய்ய வேண்டும். ரசிகர்கள் காதைப் பொத்தினால் தியேட்டர்காரர் 5க்கு இறக்குகிறார். இறக்குவார்கள் என்று தெரிந்ததும் அடுத்த படத்தை இன்னும் ஏற்றி மிக்ஸ் செய்கிறார்கள். உடனே தியேட்டர் 4க்குப் போகிறது. அந்த 4இல் ஓடும் ஒரு நிதானமான படத்தின் வசனம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. யார் முதலில் இறங்குவது என்ற போட்டியில் எல்லோரும் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

போட்டியில் இருப்பவர்கள் தாமாக இறங்க மாட்டார்கள் என்பதால்தான் மற்ற நாடுகளில் சட்டம் வந்தது. நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் ஏழாவது விதி, விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி உரக்க இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. எந்த அளவு என்று அந்த வரி சொல்வதில்லை. அதே ஏழாவது விதிதான் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் சொல்கிறது. நிமிடத்துக்கு எண் வைக்கத் தெரிந்திருக்கிறது. தெருவின் இரைச்சலுக்கும் எண் உண்டு: 2000ஆம் ஆண்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கோயில் ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் பாடினால் காவல் நிலையத்துக்குப் போன் போடலாம். கூடத்தில் அலறும் விளம்பரத்துக்கு எதைக் காட்டிப் புகார் கொடுப்பது?

விளம்பர ஒலிக்கும் ஒரு எண் வைப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. லஃப்ஸ் அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சர்வதேச ஓடிடிகளுக்கு நிகழ்ச்சி தயாரிக்கும் சென்னை ஸ்டுடியோக்கள் இந்த அளவுகளுக்குள்தான் ஒலியை முடித்துக் கொடுக்கின்றன. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த ஏழாவது விதியில் மைனஸ் 23 என்றோ 24 என்றோ ஒரு எண்ணை எழுதி, ஓடிடி விளம்பரங்களையும் அதற்குள் கொண்டுவர வேண்டும்.