கட்டிடத்துக்கு ஒரு தேர்வு

பாடம் நடத்தியதோடு ஆசிரியர் பணி முடிந்துவிடுவதில்லை. மாணாக்கர் மனத்தில் எவ்வளவு தங்கிற்று எனச் சோதித்தறிதல் வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்கும் முதற்பாடம் இஃது. கட்டிடம் கட்டுவோரோ நெடுங்காலம் இத்தகைய தேர்வுக்கு உட்படாதிருந்தனர். திறப்பு விழா முடிந்தால் பொறுப்பும் தீர்ந்தது!

குடிபுகுந்தபின் கட்டிடத்தை அதனைப் பயன்படுத்துவோர் வாயிலாக மதிப்பிடும் முறை 1960-களில் மேனாட்டில் தோன்றியது. பெர்க்கிலிப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் 1967-இல் இவ்வாறு ஆராயப்பட்டன. பின்னர், 1988-இல், பிரைசர் முதலியோர் இதனை மூன்று படியாக வகுத்தனர்: சுற்றிப் பார்த்துக் குறையறிதல், ஆழ்ந்து ஆராய்தல், அளந்து காரணங் காணல்.

நிற்க. நம் பினாங்கிலே 1969-இல் நிறுவப்பெற்ற அறிவியல் பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் படையினர் இருந்த மிண்டன் பாசறையில் வளர்ந்தது. பத்து காவானிலிருந்து அங்குச் செல்ல 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளையொருவன் அங்குச் சேர்ந்து, காய்ச்சல் கண்டு, பல்கலைக்கழக நல மையத்துக்குப் போகிறான் என்போம். அத்தகைய கட்டிடத்தை மதிப்பிடுவோர் எதைக் காணவேண்டும்? கதவின் அழகையன்று. முகப்பிலே அவன் நோயைச் சொல்லும்போது பின்னால் நிற்போர் செவியில் அது விழுகிறதா? மனநோய்க்கு ஆலோசனை பெற வருபவனும் பல்வலிக்காரனும் ஒரே வரிசையிலா? சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம் பன்னிரண்டடிக்கு ஓரடிக்கு மேல் உயராமல் இருக்கிறதா? மருந்தறைத் தாதி நாளொன்றுக்கு எத்தனை முறை வீணே நடக்கிறாள்? துப்புரவுத் தொழிலாளியும் பயனாளியே, அவரையும் கேட்கவேண்டும்.

சன்னலும் சிறிதன்று. பென்சில்வேனியா மருத்துவமனையொன்றில் பித்தப்பை அறுவைக்குப் பின் மரங்களைப் பார்த்துக் கிடந்த 23 பேர் சராசரி 7.96 நாளிலும், செங்கற் சுவரைப் பார்த்துக் கிடந்த 23 பேர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர் என உல்ரிக் 1984-இல் எழுதினார்.

கேட்கும் முறையில்தான் பிழை மிகுதி. காத்திருப்போரிடம் மட்டும் வினாத்தாள் கொடுப்பது, வந்த பிள்ளைகளை மட்டும் வைத்து வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது போலாம். கூச்சத்தால் வாசலோடு திரும்பியவன் எந்தக் கணக்கிலும் வாரான். மேலும், ‘திருப்தியா?’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் “குறை ஒன்றுமில்லைங்க” என்றே சொல்வர். டிரெசர் கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் லயத்துக்குத் திரும்பிய தாத்தன் பாட்டியிடமிருந்து வந்த பழக்கம் அது; அடக்கம் என்று நாம் பாராட்டுவதும் உண்டு! ஆகவே கருத்தைக் கேளாமல் செய்தியைக் கேட்கவேண்டும்: எத்தனை நிமிடம் நின்றாய்? எந்த அறையைத் தேடினாய்? சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டாயா? விடுதிகளுக்கும் சென்று, வராதவரையும் இவ்வாறே கேட்கவேண்டும்.

புதுக்கட்டிடத்தைத் திறந்த மாதமே சோதித்தல் பயன்தராது. ஓராண்டு செல்லட்டும், தேர்வு வாரக் கூட்டத்தில் ஒரு முறையும், மழை சாய்ந்தடிக்கும் மாதத்தில் ஒரு முறையும் பார்த்தல் நலம்.