ஹீட்டரின் சூடு எங்கே போகிறது?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், அதன் டேஷ்போர்டைப் பாருங்கள். ஏசி பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பாதி நீலம், மறு பாதி சிவப்பு. நம் ஊர் கெங்கவல்லியில் அதைச் சிவப்புப் பக்கம் திருப்ப யாருக்கும் தேவை வருவதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் காருக்குள் உட்காரவே முடியாது. இதில் ஹீட்டர் எதற்கு?

ஆனால் இங்கிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் போய்விட்டால், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வந்துவிடும். கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, நாமக்கல், சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், டெல்லி என்று நீண்டு ஸ்ரீநகரைத் தொடும் சாலை அது. நம் ஊர் டூரிஸ்ட் வண்டிகள் அந்தச் சாலையில் காஷ்மீர் வரைக்கும் போய் வருகின்றன. மார்கழி, தை மாத இரவுகளில் ஸ்ரீநகரில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே அந்தச் சிவப்புப் பாதி மிகவும் தேவை.

அப்படிப் போய் வந்த ஓட்டுநர் ஒருவர் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டுச் சொல்வதைக் கேளுங்கள்:

“அண்ணே, ஓட்டும்போது ஹீட்டர் நல்லா சூடாத்தான் வருது. எங்கயாச்சும் நின்னா ஜில்லுனு அடிக்குது. மறுபடி கெளம்புனா சூடு வருது. ரெண்டு நாள் கழிச்சு அதுவும் இல்ல.”

“கூலன்ட் கொறஞ்சுதா?”

“ஆமாண்ணே. தெனமும் காலைல கொஞ்சம் தண்ணி ஊத்துவேன்.”

“ஊத்துன தண்ணி எங்க போச்சுன்னு பாத்தீங்களா தம்பி?”

மெக்கானிக்கின் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழுதின் வேர் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால், ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பெட்ரோலோ டீசலோ எரியும்போது வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. மீதிச் சூடு என்ஜினின் இரும்பிலேயே தங்கிவிடும். அதை அப்படியே விட்டால் என்ஜின் உருகிப் பிடித்துக்கொள்ளும். அதனால் என்ஜினுக்குள் குடைந்த வழிகளில் கூலன்ட் என்ற திரவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்டர் பம்ப் அதைச் சுற்றி அனுப்புகிறது. என்ஜினில் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பவும் என்ஜினுக்குள் போகிறது.

இந்தச் சுற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வரும். மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் கோர் என்பார்கள். அதன் மெல்லிய குழாய்களில் சுடுநீர் ஓட, ஒரு மின்விசிறி அதன்மீது காற்றை ஊத, உங்கள் கால்மாட்டில் வெதுவெதுப்பு வந்து சேர்கிறது. பாட்டி வீட்டு மண் அடுப்பில் கொடியடுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கென்று தனியாக விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பில் எரிந்து மிஞ்சிய அனல் உள்வழியாக வந்து ரசத்தைச் சூடாக வைத்திருக்கும். கார் ஹீட்டர் என்ஜினின் கொடியடுப்பு. தனியாக ஒரு சொட்டு எரிபொருளும் அதற்குச் செலவாவதில்லை.

சூடு நின்றால் அந்த உள்வழியில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் சொன்னதில் ஒரு துப்பு இருக்கிறது: வண்டி ஓடும்போது சூடு, நின்றால் குளிர். பெரும்பாலான கார்களில் என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். கூலன்ட் குறையும்போது அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. காற்று லேசானது, ஆகவே சுற்றிலேயே உயரமான இடத்துக்குப் போய் உட்காரும். பல கார்களில் அந்த உயரமான இடம் ஹீட்டர் கோர்தான். பம்ப் வேகமாகத் தள்ளினால் நீர் அந்தக் காற்றைத் தாண்டிப் போகும். மெதுவாகத் தள்ளினால் அங்கேயே தடைபட்டு நிற்கும். இதைத்தான் ஏர் லாக் என்கிறார்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதுபோன்ற ஒல்லியான, கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர் வாங்குங்கள். இரண்டு வாளிகளில் நீர் நிரப்பி, ஒன்றின் நீர்மட்டம் மற்றதைவிட இரண்டு விரற்கடை மட்டும் உயரமாக இருக்கும்படி வையுங்கள். டியூப் முழுக்க நீர் நிரப்பி, ஒவ்வொரு முனையையும் ஒவ்வொரு வாளிக்குள் விட்டு, நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்தால் மேல் வாளி நீர் கீழ் வாளிக்கு ஓடும். இப்போது மேல் வாளி முனையை லேசாக வெளியே எடுத்து, ஒரு சாண் நீளத்துக்குக் காற்று புகுந்ததும் திரும்ப நீருக்குள் விடுங்கள். குமிழி ஏறிப்போய் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டம் நின்றுவிடும். அடுத்து, கீழ் வாளியை ஒரு முழம் கீழே இறக்குங்கள். குமிழி இழுபட்டுப் போய் நீர் மறுபடி ஓடத் தொடங்கும். மட்ட வேறுபாடு கூடியதால் தள்ளும் விசை கூடியது. காரில் பம்பின் வேகம் கூடும்போது நடப்பதும் இதே.

வண்டிக்கு வருவோம். மெக்கானிக் என்ஜினை நன்றாகச் சூடேற விட்டு, ஹீட்டர் கோருக்குப் போகும் ஹோஸையும் அங்கிருந்து திரும்பும் ஹோஸையும் தொட்டுப் பார்ப்பார். (அவர் பழகியவர். சுற்றும் பெல்ட்டும் விசிறியும் பக்கத்தில் இருப்பதால் நீங்கள் கை வைக்கக் கூடாது.) இரண்டும் சுட்டால் தண்ணீர்ச் சுற்றில் குறை இல்லை, காற்றைத் திருப்பிவிடும் மடலில்தான் கோளாறு. போகும் ஹோஸ் சுட்டு, திரும்பும் ஹோஸ் ஆறிப்போயிருந்தால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே சூடேறாவிட்டால் கூலன்ட் போதவில்லை, அல்லது தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கதவு திறந்தபடி மாட்டிக்கொண்டது.

அடைப்பு என்றேனே, அதற்கு நம் ஊர் போர் தண்ணீரும் ஒரு காரணம். அதில் கால்சியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சூடேறும்போது அவை கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து குழாய்ச் சுவரில் படியும். சங்ககிரியில் சிமென்ட்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் இதே கால்சியம் கார்பனேட்தான். ஹீட்டர் கோரின் குழாய்கள் மிக ஒல்லியானவை என்பதால் சீக்கிரம் அடைபடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலன்ட்டும் தூய நீரும் பாதிக்குப் பாதி இருந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை அந்தக் கலவை உறையாது. தினமும் வெறும் தண்ணீர் ஊற்றினால் கலவை நீர்த்துப்போய் காஷ்மீர் குளிரில் உறைந்துவிடலாம். உறையும் நீர் ஒன்பது சதவீதம் பெருக்கும். என்ஜின் இரும்பையே விரிசல் விடச் செய்யும் பலம் அதற்கு உண்டு.

தெர்மோஸ்டாட் என்றேனே, அதற்குள் ஒரு மெழுகு இருக்கிறது. 80 முதல் 90 டிகிரிக்குள் அது உருகிப் பெருத்து, ஒரு தண்டைத் தள்ளி, பெரிய ரேடியேட்டருக்குப் போகும் கதவைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் கதவை மூடும். கதவு திறந்தபடியே நின்றுவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டரில் ஆறிக்கொண்டே இருக்கும். கெங்கவல்லி வெயிலில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது, பனியில்தான் மாட்டிக்கொள்ளும். புதிது மாட்டும் முன் நல்ல மெக்கானிக் அதை ஒரு பாத்திரத்து நீரில் போட்டுக் காய்ச்சி, கதவு திறப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வார்.

நம் ஓட்டுநரின் வண்டியில் கூலன்ட் தினமும் குறைந்தது. கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில். தினமும் குறைய வேண்டிய அவசியமே இல்லை. என்ஜின் ஆறிய பிறகு மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பு வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துக் காத்திருப்பார். ஓட்டை இருந்தால் அழுத்த முள் இறங்கும், எங்கோ ஈரம் கசியும். ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூலை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முன்சீட்டுக் கால்மிதி நனைந்து இனிப்பு வாடை வந்தால் கோரே ஓட்டை. அந்த இனிப்பை நம்பாதீர்கள், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். தரையில் சிந்தியதை நாய் பூனை நக்கிவிடாமல் கழுவிவிட வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு புதுக் கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றுவார்கள்.

காஷ்மீர் போகாதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது டெம்பரேச்சர் முள் கொஞ்சம் கூடினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடலாம். உள்ளே வேர்க்கும், ஆனால் என்ஜினின் சூட்டில் ஒரு பகுதி குட்டி ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். அப்படித் திறந்தும் குளிர்ந்த காற்றே வந்து, முள் ஏறிக்கொண்டே போனால் உள்ளே கூலன்ட் தீர்ந்திருக்கக்கூடும். அப்பாவிடமோ மாமாவிடமோ உடனே சொல்லுங்கள்: ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடான நீர் இருக்கும். மூடி கழன்ற நொடியில் அது ஆவியாகிப் பீறிடும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருந்த பிறகுதான் திறக்கலாம்.