சோப்பு தேவைதானா?

பெண்கள் பலர் வெட்கத்தினால் கேட்கத் தயங்கும் வினா ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அந்தரங்க உறுப்பைச் சோப்பிட்டுக் கழுவலாமா?

பிறப்புறுப்பின் உட்பாதை தன்னைத்தானே தூய்மைசெய்துகொள்ளும் இயல்புடையது. தயிரைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, நற்கிருமிகள் அதனைக் காக்கின்றன. இக்கிருமிகளை 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் விவரித்தார். அங்குள்ள அமிலநிலை பி.எச். 3.8 முதல் 4.5 வரை, சாதாரணச் சோப்போ 9 முதல் 10 வரையிலான காரம். சோப்பு உட்சென்றால் அக்காவல் குலைந்து, எரிச்சலும் துர்நாற்றமும் தோன்றக்கூடும். அதைப் போக்க மீண்டும் சோப்பிட்டால் தொல்லை பெருகுமேயன்றிக் குறையாது.

உட்புறத்தைக் கழுவவே வேண்டாம்; வெளிப்புறத்திற்கு நீரே போதும். முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் நலம். அரிப்போ, நிறம் மாறிய வெள்ளைப்படுதலோ காணின் மறைக்காமல் மருத்துவரை நாடுக. மகள் பூப்பெய்தியதுமே தாய்மார் இதனை அன்புடன் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.